தொழிற்சாலை மிச்சம் பிடிக்கும் பணம் யார் கைக்குப் போகிறது? – வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள பீடோங் பட்டணத்திலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்தவை. கித்தாவும் (ரப்பர்) செம்பனையும் சோறு போட்ட ஊர் அது. இன்று அவ்வூர்ப் பிள்ளைகளில் பலர் சுங்கைப்பட்டாணி, கூலிம் தொழிற்பேட்டைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள்; சிலர் அத்தொழிற்சாலைகளுக்குப் பொருள் செய்து கொடுக்கும் சிறுதொழில் முதலாளிகளாகவும் ஆகியிருக்கிறார்கள். ஆகவே கேள்விகள் ஒரே விஷயத்தைச் சுற்றியே வந்திருப்பதில் வியப்பில்லை. உற்பத்தியாளர் செலவைக் குறைக்கும்போது அதன் சுமை யார் தலையில் விழுகிறது, பலன் யார் கைக்குப் போகிறது என்பதே அந்த விஷயம். முதல் கடிதத்துக்கு மட்டும் நீண்ட பதில் எழுத வேண்டியதாயிற்று. கேட்டவரின் பிழைப்பே அதில் அடங்கியிருக்கிறது.

கேள்வி: கித்தா மரப் பலகையில் பேலட் (சரக்குப் பெட்டிகளை அடுக்கும் தட்டு) செய்யும் பட்டறை ஒன்றைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். என்னிடம் வாங்கும் உணவுப்பொருள் தொழிற்சாலை, இந்த ஆண்டு 5 விழுக்காடும் அடுத்த ஆண்டு மீண்டும் 5 விழுக்காடும் விலையைக் குறைக்க வேண்டும் என்று கடிதம் அனுப்பியிருக்கிறது. அந்தச் சேமிப்பைத் தங்கள் வாடிக்கையாளர்களுக்கே கொடுக்கப்போவதாகவும் எழுதியிருக்கிறார்கள். மறுத்தால் ஆர்டர் போய்விடும்; ஒப்புக்கொண்டால் கையைக் கடிக்கும். நான் என்ன செய்வது?
– பட்டறை உரிமையாளர், பீடோங்

பதில்: ஐயா, பதில் கடிதம் எழுதுவதற்கு முன்பு ஒரு தாளை எடுத்து உங்கள் பேலட்டின் விலையைப் பிரித்து எழுதுங்கள். கணக்குக்காக ஒரு பேலட்டை 40 வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் மரத்துக்கு 23 வெள்ளி, ஆணிக்கு 2, ஆள் கூலிக்கு 7, ஏற்றுமதி விதிப்படி சூடேற்றுவதற்கு 3, லோரிக்கு 3 போக உங்களுக்கு மிஞ்சுவது 2 வெள்ளி. அவர்கள் கேட்கும் 5 விழுக்காடும் சரியாக அந்த 2 வெள்ளிதான். கடிதத்தில் சிறிய எண்ணாகத் தெரிவது உங்கள் வருமானம் முழுவதையும் கேட்கிறது. உங்கள் உண்மையான எண்கள் வேறாக இருக்கலாம். ஆனால் மூலப்பொருளின் பங்கு பெரிதாகவும் லாபத்தின் பங்கு சிறிதாகவும் உள்ள எந்தத் தொழிலிலும் கணக்கு இப்படித்தான் முடியும்.

அந்த 2 வெள்ளி அவர்களுடைய வாடிக்கையாளருக்குப் போய்ச் சேருமா என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பேலட்டில் 60 அட்டைப்பெட்டிகள், ஒரு பெட்டியில் 12 பொட்டலங்கள் என்றால் ஒரு பேலட் சுமப்பது 720 பொட்டலங்கள். நீங்கள் விட்டுக்கொடுக்கும் 2 வெள்ளியைப் பங்கிட்டால் ஒரு பொட்டலத்துக்கு மூன்றில் ஒரு காசு கூட வராது. கடை அலமாரியில் எந்த விலையும் அவ்வளவு நுணுக்கமாகக் குறைக்கப்படுவதில்லை. அந்தத் தொழிற்சாலைக்குப் பொருள் கொடுக்கும் அனைவரிடமும் இதே கடிதம் போயிருந்தால் மொத்தத் தொகை பெரிதாக இருக்கும் என்பது உண்மைதான். அப்போதும் அது வாடிக்கையாளருக்குப் போவது அவர்களுடைய விருப்பத்தைப் பொறுத்ததே தவிர, உங்கள் தியாகத்தைப் பொறுத்ததன்று.

இதனால் அவர்களுடைய கோரிக்கையே தவறு என்று நான் சொல்லவில்லை. தொழிற்சாலைக்கும் போட்டி இருக்கிறது, அதற்கும் செலவு ஏறுகிறது. பேச வேண்டியது வழியைப் பற்றித்தான். ஒருவருக்கும் பயன்படாத வேலையைக் கண்டுபிடித்து நீக்கினால் செலவு உண்மையாகவே குறைகிறது, அதைப் பங்கு போட முடியும். அந்த வேலையைத் தொடாமல் விலையை மட்டும் குறைத்தால் செலவு அப்படியே இருக்கிறது. பலம் உள்ளவரின் தோளிலிருந்து பலம் இல்லாதவரின் தோளுக்கு மாறுகிறது, அவ்வளவுதான்.

உங்கள் பேலட்டையே எடுத்துக்கொள்வோம். மரப்பலகையில் செய்த பேலட் நாட்டு எல்லையைத் தாண்டிப் போகும்போது, பலகையின் நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியஸ் வெப்பம் ஏறி, இடைவிடாமல் 30 நிமிடங்கள் அந்த வெப்பத்தில் இருந்திருக்க வேண்டும் என்பது அனைத்துலகத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின் 15ஆம் எண் தரவிதி. பூச்சியும் நோயும் மரத்தோடு ஒட்டிக்கொண்டு வேறு நாட்டுக்குள் நுழையாமல் தடுப்பதற்காக ஏற்பட்ட விதி அது. தாய்லாந்துக்குப் போகும் சரக்குக்கு அது வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள கிடங்குக்குப் போய்த் திரும்பும் பேலட்டுக்கு அது எதற்கு? பல தொழிற்சாலைகளில் கொள்முதல் பிரிவு ஒரே வரையறையை எழுதி வைத்துவிட்டு எல்லா பேலட்டுக்கும் அதையே கேட்கும். உங்கள் பேலட்டுகளில் பாதி உள்நாட்டிலேயே சுற்றுபவை என்றால், அந்தப் பாதிக்குச் சூடேற்றம் தேவையில்லை என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால் போதும், சராசரியாக ஒரு பேலட்டுக்கு ஒன்றரை வெள்ளி மிஞ்சும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: சூடேற்றம் வேறு, உலர்த்துவது வேறு. கித்தா மரம் அறுத்த சில நாள்களிலேயே பூஞ்சணம் பிடித்து நீலம் பாயும், வண்டும் துளைக்கும். ஆகவே மருந்தேற்றி உலர்த்துவதை எந்தப் பேலட்டுக்கும் விட்டுவிடக் கூடாது. உணவுப்பொருள் ஏறும் பேலட்டில் எந்த மருந்துக்கு அனுமதி உண்டு என்பதையும் அவர்களுடைய தரப் பிரிவிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, பலகையின் இரு பக்கமும் இழைக்கச் சொல்கிறார்களா என்று பாருங்கள். அட்டைப்பெட்டி உட்காருவது மேல் பக்கத்தில்தான். அடிப்பக்க இழைப்பைக் கைவிட்டால் கூலியில் ஒரு வெள்ளி குறையலாம். லோரியையும் பாருங்கள். வாரத்தில் நான்கு நாள் அரை லோரி பேலட் கேட்பவர்கள் இரண்டு நாள் முழு லோரியாக எடுத்துக்கொண்டால், திரும்பி வரும்போது உடைந்த பேலட்டுகளை ஏற்றிவந்து பழுது பார்த்துக் கொடுத்தால், அதிலும் ஒரு வெள்ளி மிஞ்சக்கூடும். இவை மூன்றும் சேர்ந்து மூன்றரை வெள்ளி. அதைப் பாதிப் பாதியாகப் பிரித்தால் அவர்களுக்கு 1 வெள்ளி 75 காசு.

இன்னொரு செலவு இருக்கிறது. சிறுதொழில் செய்பவர்கள் அதைச் செலவாகவே நினைப்பதில்லை. பொருளை எடுத்துக்கொண்டு 90 நாள் கழித்துப் பணம் கொடுத்தால், அந்த 90 நாளும் அவர்களுக்குக் கடன் கொடுப்பவர் நீங்கள்தான். உங்களுக்கு வங்கியில் 8 விழுக்காட்டு வட்டி என்றால், 90 நாளை 30 நாளாகக் குறைப்பதால் மட்டும் 40 வெள்ளிப் பொருளுக்கு ஏறத்தாழ 50 காசு மிச்சமாகும். பெரிய நிறுவனத்துக்கு வங்கி உங்களைவிடக் குறைந்த வட்டிக்குக் கடன் தரும் என்பதால், விரைந்து பணம் கொடுப்பதில் அவர்களுக்கு ஆகும் செலவு உங்களுக்கு மிஞ்சுவதைவிடக் குறைவு. அந்த 50 காசில் 25 காசை அவர்களுக்குக் கொடுங்கள். முன்பு சொன்ன 1 வெள்ளி 75 காசோடு சேர்த்தால் சரியாக 2 வெள்ளி. அவர்கள் கேட்ட 5 விழுக்காடு கிடைத்துவிட்டது. உங்கள் லாபமும் குறையவில்லை, கூடியே இருக்கிறது.

இப்படிச் செய்து காட்டிய நிறுவனங்கள் உண்டு. அமெரிக்காவின் கிரைஸ்லர் கார் நிறுவனம் 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில், உதிரிபாகம் கொடுப்பவர்களே செலவைக் குறைக்கும் யோசனைகளை எழுதி அனுப்பலாம், மிஞ்சும் பணத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்று ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான யோசனைகள் வந்தன. நூறு கோடி டாலர் கணக்கில் செலவு குறைந்தது. அதே நிறுவனம் ஜெர்மனியின் டைம்லருடன் 1998இல் இணைந்து நட்டத்தில் விழுந்தபோது, 2000ஆம் ஆண்டு டிசம்பரில், எல்லாரும் புத்தாண்டு முதல் 5 விழுக்காடு விலையைக் குறைக்க வேண்டும் என்று கடிதம் அனுப்பியது. உங்களுக்கு வந்திருக்கும் அதே எண். யோசனை சொன்னால் பங்கு கிடைக்கும் என்று நம்பி வந்தவர்களின் மனம் எப்படி முறிந்திருக்கும் என்பதை நீங்களே உணர்வீர்கள்.

ஆகவே நேரில் பேசும்போது இரண்டு விஷயங்களில் உறுதியாக இருங்கள். மிச்சத்தின் பங்கு எவ்வளவு, எத்தனை ஆண்டுகளுக்கு என்பது கையெழுத்தோடு தாளில் வரும் வரை உங்கள் செலவுக் கணக்கு முழுவதையும் திறந்து காட்ட வேண்டாம்; காட்டிய கணக்கே மறு ஆண்டு உங்கள் கழுத்தை நெரிக்கும் கயிறாகிவிடுவதைக் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் கண்ணால் பார்த்திருக்கிறேன். மரத்தின் விலை தனியாக நிற்கட்டும் என்பது இரண்டாவது. கித்தாத் தோட்டங்கள் செம்பனைக்கு மாறிய பின் மரவரத்து பல இடங்களில் சுருங்கிவிட்டது. உங்கள் கையில் இல்லாத அந்த விலை ஏறினால் ஏறியபடியும் இறங்கினால் இறங்கியபடியும் பேலட் விலையில் சேர வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். இவ்வளவையும் எடுத்து வைத்த பிறகும் '5 விழுக்காடு குறை, வேறு எதுவும் பேசாதே' என்றால், அந்த ஆர்டரை நம்பி புதிய இயந்திரத்துக்குக் கடன் வாங்காதீர்கள், வேறு வாடிக்கையாளரைத் தேடத் தொடங்குங்கள்.

கேள்வி: தொழிற்சாலைகள் செலவைக் குறைத்துவிட்டன என்று செய்திகளில் படிக்கிறேன். ஆனால் எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) மினி மார்க்கெட்டில் பிஸ்கட், சவர்க்காரம், பால்மாவு எதுவும் விலை இறங்கி நான் பார்த்ததில்லை. பொட்டலம்தான் இளைத்துக்கொண்டே போகிறது. பலன் எங்களுக்கு வருமா, வராதா?
– இல்லத்தரசி, பீடோங்

பதில்: அம்மா, வரும், ஆனால் தானாக வராது. வர வைக்கும் நெருக்கடி ஒன்று உற்பத்தியாளருக்கு வெளியே இருக்க வேண்டும்.

இதற்கு எல்லாரும் எடுத்துக்காட்டும் கதை ஹென்றி ஃபோர்டினுடையது. அவருடைய மாடல் டி கார் 1908இல் வெளிவந்தபோது விலை 850 டாலர். 1913இல் நகரும் தொடர் வரிசையில் வைத்துக் காரைப் பூட்டும் முறை வந்தது. வேலை நேரம் பலமடங்கு குறைந்தது. 1920களின் நடுவில் அதே காரின் மலிவு வகை 300 டாலருக்கும் கீழே விற்றது. அவர் விலையைக் குறைத்ததற்குக் காரணம் வெறும் நல்லெண்ணம் அன்று. விலை குறையக் குறைய, அதுவரை கார் வாங்க முடியாதிருந்தவர்கள் வாங்க வந்தார்கள். எண்ணிக்கை கூடியதால் ஒரு காருக்கான செலவு மேலும் குறைந்தது. விலையைக் குறைத்தால் புதிதாக வாங்க ஆள் வருவார்கள் என்ற நிலை இருக்கும் பொருளில்தான் பலன் நம் கைக்கு வரும். நம் நாட்டில் பெரோடுவா நிறுவனம் 1994இல் கஞ்சில் காரைக் கொண்டுவந்து, இன்று வரை சிறிய கார்களின் விலையை எட்டும் தூரத்தில் வைத்திருப்பதும் இந்தக் கணக்கில்தான். டைஹாட்சுவின் வடிவமைப்பைப் பகிர்ந்துகொண்டு, பெரும்பாலான உதிரிபாகங்களை உள்நாட்டிலேயே வாங்கி, ஒரே பாகத்தைப் பல வகைக் கார்களுக்குப் பயன்படுத்துகிறார்கள். பல்லாயிரக்கணக்கில் ஒரே பாகத்தைச் செய்பவருக்கு அச்சுக்கான செலவு ஒவ்வொரு துண்டிலும் காசுக் கணக்காகிவிடுகிறது.

பிஸ்கட்டில் நிலைமை வேறு. விலை 10 காசு குறைந்தால் நீங்கள் இரண்டு பொட்டலம் கூடுதலாக வாங்கப் போவதில்லை. பக்கத்து அலமாரியில் உள்ள மற்றொரு பிஸ்கட்டைக் குழந்தைக்குப் பிடிக்காது. உற்பத்தியாளருக்கு நெருக்கடி இல்லை. மிஞ்சிய பணத்தை விளம்பரத்துக்கும் கடைகளுக்குக் கொடுக்கும் தள்ளுபடிக்கும் லாபத்துக்கும் வைத்துக்கொள்வார். சில நேரங்களில் சேமிப்பு நம் கண்ணில் படாத வழியிலும் வரும். குறைந்தபட்சச் சம்பளம் 2022இல் 1,500 வெள்ளியாகவும் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியாகவும் உயர்ந்தது; அது தொழிலாளருக்குக் கிடைக்க வேண்டிய நியாயமான உயர்வு. அந்த உயர்வைச் சமாளித்து விலையை ஏற்றாமல் ஓராண்டு ஓட்டிய உற்பத்தியாளரிடம், வேறெங்கோ குறைத்த செலவு உதவியிருக்கும். ஏறாத விலை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

வாங்குபவர் விலையை எளிதாக ஒப்பிட முடிகிறதா என்பதும் பெரிய விஷயம். 2018 ஜூன் முதல் தேதி ஜிஎஸ்டி (பொருள், சேவை வரி) 6 விழுக்காட்டிலிருந்து சுழியமாகியபோது கார் நிறுவனங்கள் உடனே புதிய விலைப்பட்டியல்களை வெளியிட்டன. செப்டம்பரில் எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி) வருவதற்குள் வாங்கிவிட மக்கள் கூட்டமாகப் போனார்கள். கார் விலை ஊரறிந்த விலை, மறைக்க முடியாது. ஆயிரம் வகைச் சில்லறைச் சாமான்களின் விலை அப்படிப்பட்டதன்று. 2011ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாடு, மிகை லாபத் தடுப்புச் சட்டம் நாட்டில் இருப்பதற்கு இத்தகைய இடங்களே காரணம். 1 கிலோ பாக்கெட் சமையல் எண்ணெய் 2 வெள்ளி 50 காசு என்பதுபோல் அரசாங்கமே உதவித்தொகை கொடுத்து விலையைக் கட்டிப்போடும் பொருளில், உற்பத்தியாளர் எவ்வளவு சிக்கனம் செய்தாலும் உங்கள் விலை மாறாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் கையில் இருப்பது எடையைப் பார்ப்பது. பொட்டலத்தின் விலையை விட்டுவிட்டு 100 கிராமுக்கு என்ன விலை என்று கைப்பேசியில் வகுத்துப் பாருங்கள். பொட்டலம் இளைத்தது அப்போதே வெளிப்படும். பெரிய பேரங்காடிகள் தங்கள் சொந்தப் பெயரில் விற்கும் அரிசி, சவர்க்காரம், துணித்தூள் போன்றவற்றையும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். பெயர் பெற்ற நிறுவனங்களுக்குச் செய்து கொடுக்கும் தொழிற்சாலைகள் சில இவற்றையும் செய்கின்றன. விளம்பரச் செலவு இல்லாததால் குறைந்த விலை உண்மையாகவே வாங்குபவருக்கு வந்து சேரும் இடம் அது.

கேள்வி: சுங்கைப்பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில், வெளியிலிருந்து வரும் பாகங்களைச் சோதிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். விலையைக் குறைத்த பிறகு வரும் பாகங்களின் தரம் குறைந்திருக்கிறது. நான் நிராகரித்தால், 'இது ஓடும், விட்டுவிடு' என்று மேற்பார்வையாளர் சொல்கிறார். விடலாமா?
– தோட்டத்துப் பிள்ளை, பீடோங்

பதில்: விடக் கூடாது, சகோதரி. காரணம் சொல்கிறேன். ஜப்பானின் தக்காத்தா நிறுவனம் கார்களின் காற்றுப்பைகளை ஊதச் செய்யும் பாகத்தில், மற்ற நிறுவனங்கள் தவிர்த்த அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. அது விலை மலிவானது. ஆண்டுக்கணக்கில் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் இருந்தால் அந்த மருந்தின் தன்மை கெட்டு, விபத்தின்போது அளவுக்கு மீறிய வேகத்தில் வெடித்து, உலோகக் கூடு சிதறி உள்ளே இருப்பவரைத் தாக்கியது. நம்முடையது போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் ஆபத்து அதிகம். மலேசியாவிலும் உயிர்கள் போயின. உலகமெங்கும் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2017இல் அந்த நிறுவனம் திவாலானது. உயிரைக் காக்க வைத்த பாகத்தில் மிச்சம் பிடித்த சில்லறைக் காசின் முடிவு அது.

உங்கள் தொழிற்சாலையில் செய்யும் பொருள் உயிரோடு சம்பந்தப்படாததாக இருக்கலாம். அப்படியானாலும் முறை ஒன்றுதான். 'தரமில்லை' என்று வாயால் சொல்வதோடு நிற்காதீர்கள். வரைபடத்தில் என்ன அளவு, கையில் உள்ள பாகத்தில் என்ன அளவு, எத்தனையில் எத்தனை தவறியது என்று எண்ணாக எழுதித் தேதியிட்டுக் கையெழுத்து வைத்துக்கொள்ளுங்கள்; தவறிய பாகத்தில் ஒன்றிரண்டை உறையிட்டு எடுத்து வையுங்கள். ஏற்றுக்கொள்ளச் சொல்பவர் அதே தாளில் தம் கையெழுத்தைப் போடட்டும். வாயால் உத்தரவு போடத் தயங்காதவர்கள் கூட, கையெழுத்து என்றதும் ஒருமுறை யோசிப்பார்கள். இன்னொரு கணக்கையும் நிர்வாகத்துக்குக் காட்டலாம்: நிராகரித்த பாகத்தைத் திருப்பி அனுப்பும் லோரி வாடகை, நின்றுபோன வரிசையின் நேரம், மறுவேலைக்கான ஓவர்டைம். பாகத்தின் விலையில் மிஞ்சியது இவற்றில் எங்கே கரைந்தது என்பது அதில் தெரிந்துவிடும். அந்தக் கணக்கை எழுதக்கூடிய இடத்தில் இருப்பவர் நீங்கள்தான். உங்கள் வேலை சிறிய வேலை என்று எண்ண வேண்டாம்.

கேள்வி: பொறியியல் படிக்கிறேன். டொயோட்டா ஒரே நிறுவனத்திடம் பாகம் வாங்கிக் கையிருப்பே வைக்காமல் செலவைக் குறைக்கிறது என்று பாடத்தில் வருகிறது. அந்த ஒரு நிறுவனம் நின்றுபோனால் எல்லாம் நின்றுபோகாதா?
– மாணவர், பீடோங்

பதில்: நின்றுதான் போயிற்று, தம்பி. 1997 பிப்ரவரி முதல் தேதி, காரியா நகரில் உள்ள ஐசின் என்ற உதிரிபாக நிறுவனத்தின் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. டொயோட்டா கார்களின் பிரேக்கில் பயன்படும் ஒரு சிறிய வால்வு ஏறத்தாழ முழுவதும் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. விலை மலிவான பாகம். ஆனால் அது இல்லாமல் கார் வெளியே போக முடியாது. கையிருப்போ மிகக் குறைவு. ஜப்பானில் டொயோட்டாவின் தொழிற்சாலைகள் சில நாளில் நின்றுபோயின.

அடுத்து நடந்ததைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். ஐசின் தன் வரைபடங்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தது. டொயோட்டாவுக்குப் பொருள் கொடுக்கும் பல நிறுவனங்களும் அவற்றுக்குப் பொருள் கொடுக்கும் சிறு பட்டறைகளும் தங்கள் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு அந்த வால்வைச் செய்ய முனைந்தன. தையல் இயந்திரம் செய்யும் பிரதர் நிறுவனமும் அவற்றில் ஒன்று. பணம் எவ்வளவு, யார் கொடுப்பார்கள் என்று முன்கூட்டிப் பேரம் பேசவில்லை. ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் உற்பத்தி வழக்கத்துக்குத் திரும்பிவிட்டது. விலைகுறைப்பைக் கேட்கும்போது தன் பொறியாளர்களையும் அனுப்பி எப்படிக் குறைப்பது என்று கூடவே நின்று காட்டுவது டொயோட்டாவின் வழக்கம். அப்படிப் பல ஆண்டுகள் சேர்த்துவைத்த நம்பிக்கை அந்த வாரத்தில் உதவிக்கு வந்தது.

இதற்கு நேர்மாறான அனுபவம் ஜெனரல் மோட்டார்ஸுடையது. 1992இல் அதன் கொள்முதல் தலைவரான ஹோசே இக்னாசியோ லோபஸ், இருக்கும் ஒப்பந்தங்களையும் மறுபேரத்துக்கு உட்படுத்தி, இரட்டை இலக்க விழுக்காட்டில் விலையைக் குறைக்கச் சொன்னார். பணம் மிஞ்சியது உண்மை. அவரோ 1993இல் வோக்ஸ்வேகனுக்குப் போய்விட்டார். பாகம் கொடுப்பவர்கள் தங்கள் புதிய கண்டுபிடிப்புகளை ஜெனரல் மோட்டார்ஸுக்கு முதலில் காட்டத் தயங்கும் நிலை நெடுங்காலம் நீடித்தது. உங்கள் கேள்விக்கு நேரடியான பதில் இது: மலிவான, ஆனால் இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும் பாகத்துக்கு இரண்டாவது இடம் ஒன்று இருந்தே ஆக வேண்டும். கையிருப்பைக் குறைப்பது எல்லாப் பாகத்துக்கும் ஒரே அளவில் பொருந்தும் விதி அன்று. பெரிய, விலை உயர்ந்த பாகத்துக்கு அதனால் மிஞ்சும் பணம் அதிகம். சிறிய வால்வுக்கு ஒரு வாரக் கையிருப்பு வைத்தாலும் ஓர் அலமாரி இடம்தான் பிடிக்கும்.

கேள்வி: பீடோங்கிலும் பக்கத்துத் தோட்டங்களிலும் மளிகைக் கடை வைத்திருக்கும் நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து நேரடியாக உற்பத்தியாளரிடம் வாங்கினால், பேரங்காடிக்குக் கிடைக்கும் விலை எங்களுக்கும் கிடைக்குமா?
– மளிகைக் கடைக்காரர்கள் சிலர்

பதில்: அதே விலை கிடைக்காது, ஆனால் இப்போது கிடைப்பதைவிட நல்ல விலை கிடைக்கும். உற்பத்தியாளர் விலையைக் குறைப்பது உங்கள் ஒற்றுமைக்காக அன்று, உங்களால் அவருக்கு மிஞ்சும் வேலைக்காக. எட்டுக் கடைக்கு எட்டு முறை லோரி அனுப்பாமல் ஓரிடத்தில் இறக்க முடிந்தால், ஒரே ரசீது, ஒரே நாளில் பணம் என்றால், அவருடைய செலவு குறைகிறது. அதில் பங்கு கேட்க உங்களுக்கு உரிமை வருகிறது. ஆகவே முதலில் பொதுக் கிடங்கு ஒன்றைப் பாருங்கள். எட்டுப் பேரும் விற்கும் பொருள்களில் அரிசி, பருப்பு, எண்ணெய், சீனி என்று சிலவற்றை மட்டும் வைத்துத் தொடங்குங்கள்.

சேர்ந்து வாங்குவது நம் மக்களுக்குப் புதிதன்று. வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார். நீங்களும் முறைப்படி கூட்டுறவுச் சங்கமாகப் பதிந்துகொண்டு அதன் பெயரில் வாங்குங்கள். சேர்ந்து வாங்கிய பிறகு, என்ன விலைக்கு விற்பது என்பதை மட்டும் எட்டுப் பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யாதீர்கள். அது 2010ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் தடை செய்யும் காரியம். விற்கும் விலை அவரவர் முடிவாகவே இருக்கட்டும்.

கேள்வி: ஐந்து ஏக்கரில் செம்பனை போட்டிருக்கிறேன். குலையை வாங்கும் வியாபாரி, ஆலை விலையைக் குறைத்துவிட்டது என்று சொல்லி ஒவ்வொரு முறையும் குறைத்துக் கொடுக்கிறார். ஆலைக்கு நானும் ஒரு சப்ளையர்தானே?
– சிறுதோட்டக்காரர், பீடோங் அருகில்

பதில்: ஆமாம் ஐயா, நீங்கள்தான் முதல் சப்ளையர். உங்கள் விலை எப்படி அமைகிறது என்பது தெரிந்தால் ஏமாற மாட்டீர்கள். மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம், குலையிலிருந்து பிழியப்படும் எண்ணெயின் ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் இவ்வளவு என்று வட்டார வாரியாக வழிகாட்டி விலை வெளியிடுகிறது. அது 45 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், உங்கள் குலைக்கு 20 விழுக்காடு கணக்கிட்டால் டன்னுக்கு 900 வெள்ளி. 18 விழுக்காடு என்றால் 810 வெள்ளி. எண்ணெயின் விலை மாறாமலேயே 90 வெள்ளி போய்விடும். ஆகவே வியாபாரியிடம் 'இன்று என்ன விலை' என்று மட்டும் கேட்காதீர்கள். 'எத்தனை விழுக்காடு போட்டீர்கள்' என்று கேளுங்கள்.

காயை வெட்டி அனுப்பினால் அந்த விழுக்காடு குறைவது நியாயமே. பழுத்து நாலைந்து உதிரிப்பழம் கீழே விழுந்த பின் வெட்டி, உதிரியையும் பொறுக்கிச் சேர்த்து, அன்றைக்கே அல்லது மறுநாளுக்குள் ஆலைக்குப் போய்ச் சேரும்படி பாருங்கள்; இங்கேயும் உண்மையான மிச்சம் இருப்பது வேலையில்தான். அதைச் செய்த பிறகும் விழுக்காடு உயரவில்லை என்றால் வேறு வியாபாரியிடம் ஒரு லோடு கொடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். குலை வாங்கும் வியாபாரிக்கு வாரியத்தின் உரிமம் இருக்க வேண்டும். அந்த எண், குலையின் எடை, போட்ட விழுக்காடு, பிடித்தம் ஆகிய நான்கையும் ரசீதில் எழுதித் தரச் சொல்லி, ரசீதுகளைத் தேதிவாரியாகக் கோத்து வையுங்கள்.